கைக்கு இசைந்த மட்டை: காஷ்மீரத்துச் சங்கம் ஊரில் ஒரு பகல்

காஷ்மீரம் என்றவுடன் குங்குமப்பூவும் ஆப்பிளும் பஷ்மினா சால்வையும் நம் நினைவில் வந்து நிற்கும். தால் ஏரியின் படகு வீடுகளும் சினார் மரங்களும் அவற்றைத் தொடரும். ஆனால் அப்பள்ளத்தாக்கின் மண்ணில் விளைந்த மற்றொரு பொருள் நம் ஊர்த் திடல்களிலும் நம் வீட்டுக் கதவுகளின் பின்புறத்திலும் சாய்ந்து நிற்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் பிள்ளைகள் கையிலேந்தி ஆடும் கிரிக்கெட் மட்டைதான் அது. ‘காஷ்மீர் வில்லோ’ என்று அச்சிட்ட தாள் மட்டையின் முகத்தில் ஒட்டப்பட்டிருப்பதைப் பெற்றோர் பலர் கண்டிருப்பர். அந்தச் சொற்களுக்குப் பின்னால் ஓர் ஊர் இருக்கிறது. ஒரு மரம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாய்த் தொடரும் ஒரு கைத்தொழில் இருக்கிறது.

2024 அக்டோபரில் ஆசிரிய நண்பர்கள் இருவருடன் ஸ்ரீநகர் சென்றிருந்தேன். புறப்படும் முன்பே, என்னிடம் ஓதும் மாணவர்கள், “ஹஜ்ரத், காஷ்மீர் போறீங்க, வரும்போது ரெண்டு பேட் வாங்கிட்டு வாங்க” என்று கேட்டிருந்தனர். அஸர் தொழுகைக்குப் பின் மஃரிபு வரை அவர்கள் ஆடும் ஆட்டத்தை நாள்தோறும் காண்பவன் நான். எனவே, ஊர் திரும்ப ஒருநாள் எஞ்சியிருந்தபோது, மட்டைகளுக்குப் பெயர்பெற்ற சங்கம் என்னும் ஊருக்குச் செல்லத் தீர்மானித்தோம்.

சாலையோர மரக்கோபுரங்கள்

ஸ்ரீநகரிலிருந்து தெற்கே ஜம்மு செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சங்கம். வழியில் பாம்போர் வருகிறது. குங்குமப்பூ விளையும் மேட்டு நிலங்கள் அங்கே சாலையின் இருமருங்கும் விரிந்து கிடக்கின்றன. அதையடுத்து, ஒன்பதாம் நூற்றாண்டுக் கற்கோயிலின் சிதைவுகளைத் தாங்கி நிற்கும் அவந்திப்போரா. அறுவடை முடிந்த நெல்வயல்களில் வைக்கோல் கட்டுகள் நின்றன. ஆப்பிள் பெட்டிகளை ஏற்றிய லாரிகள் வரிசையாய் எங்களை எதிர்கொண்டன.

சங்கம் என்ற பெயரின் பொருளைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. ஜீலம் ஆற்றுடன் துணையாறுகள் வந்து கூடும் இடம் அது. ஊர் நெருங்குவதைப் பெயர்ப்பலகைக்கு முன்பாகவே மரம் அறிவித்துவிடுகிறது. வெட்டிப் பிளந்த கட்டைகளை, காற்று உள்ளே புகுந்து வெளியேறும்படி இடைவெளி விட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாய் அடுக்கியிருக்கிறார்கள். சாலையோரத்திலும் வீட்டு முற்றங்களிலும் கடைகளின் பின்புறத்திலும் அக்கட்டைகள் ஆளுயரத்திற்கும் மேலே கோபுரங்களாய் எழுந்து நிற்கின்றன. சங்கம், ஹல்முல்லா, பிஜ்பிஹாரா என அந்தச் சாலை நெடுகிலும், அனந்தநாக், புல்வாமா மாவட்டங்களின் சிற்றூர்கள் பலவற்றிலும் நூற்றுக்கணக்கான மட்டைப் பட்டறைகள் உள்ளன. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இதுவே சோறு.

மரம் மட்டையாகும் விதம்

நாங்கள் நுழைந்த பட்டறை நீண்டதொரு கொட்டகை. தரையெங்கும் மரச்சீவல் மெத்தைபோல் கிடந்தது. ஸலாம் உரைத்ததும் முதியவரொருவர் எழுந்து வந்து கைபற்றி அமரச் செய்தார். உப்பிட்ட இளஞ்சிவப்புத் தேநீரும் ரொட்டியும் வந்தன. எனக்கு உர்து தெரியுமாதலால் உரையாடல் தடையின்றி நடந்தது.

வில்லோ என்பது நீர்நிலைகளின் ஓரத்தில் விரைந்து வளரும் மரம். எடை குறைவு, ஆனால் அடி தாங்கும். பந்து மோதும்போது பிளந்துபோகாமல் சற்றே அமுங்கி, அதைத் திருப்பி உந்தும். இவ்விரு குணங்களும் ஒருங்கே அமைந்திருப்பதால்தான் உலகெங்கும் கிரிக்கெட் மட்டைக்கு இம்மரத்தையே நாடுகிறார்கள். இங்கிலாந்தில் விளையும் வில்லோ வெண்மையானது, மென்மையானது, இலேசானது. காஷ்மீரத்து வில்லோ சற்றே பழுப்பு நிறமும் கூடுதல் அடர்த்தியும் உடையது. ஆகவே ஒரே வடிவில் செதுக்கினாலும் காஷ்மீரத்து மட்டை சற்றுக் கனக்கும். விலையோ இங்கிலாந்து மட்டையின் ஒரு சிறு பங்குதான். எளிய குடும்பத்துப் பிள்ளையின் கைக்கும் மர மட்டை எட்டுகிறதென்றால் இந்தப் பள்ளத்தாக்கின் மரமே அதற்குக் காரணம்.

அடிமரத்தை மட்டையின் நீளத்திற்குத் துண்டாக்கி, இழையின் போக்கிலேயே பிளந்து, மாதக்கணக்கில் காயவிடுகிறார்கள். பச்சை மரத்தின் எடையில் பெரும்பகுதி நீர். அது மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். அவசரப்பட்டுப் போதிய அளவு காயாத கட்டையில் மட்டை செய்தால், வாங்கும்போதே அது கனக்கும். பின்னர் காயும்போது வளையும் அல்லது வெடிக்கும். காய்ந்த கட்டையின் முகத்தை இயந்திர உருளையால் அழுத்தி இறுக்குகிறார்கள். பிறகு அதன் தோள்பகுதியில் ஆங்கிலத்து ‘வி’ எழுத்தைப்போல் வெட்டி, அதற்கேற்பச் சீவிய பிரம்புக் கைப்பிடியைப் பசையிட்டு இறக்குகிறார்கள். கைப்பிடிக்குரிய பிரம்பு இக்குளிர்நாட்டில் விளைவதில்லை. வெளியிலிருந்துதான் வருகிறது. பிரம்புப் பட்டைகளுக்கு நடுவே ரப்பர் வைத்து ஒட்டுவதால், பந்து மோதும் அதிர்ச்சி கைக்கு ஏறாமல் தணிகிறது.

இதற்குப் பின்னரே உண்மையான கைவேலை தொடங்குகிறது. இழுப்புளியைக் கொண்டு மட்டையின் முதுகைச் சீவுகிறார்கள். எவ்விடத்தில் மரத்தை விடுவது, எவ்விடத்தில் எடுப்பது என்பதே இத்தொழிலின் உயிர். அம்முதியவர் நான்கு முறை சீவுவார், மட்டையைத் தூக்கிக் காற்றில் ஒருமுறை வீசுவார், மீண்டும் சீவுவார். அவர் பக்கத்தில் தராசு இருந்தது. அவர் அதைத் தொடக் கண்டிலேன்.

தராசின் எடையும் கையின் எடையும்

மட்டை வேண்டும் என்றதும் அவர் விலையைப் பேசவில்லை. “மோலவி ஸாஹிப், ஆடுகிறவனுக்கு வயதென்ன? உயரமென்ன? எந்தப் பந்தில் ஆடுகிறான்? தரை எப்படிப்பட்டது?” என்று வரிசையாய் வினவினார். தையற்காரர் அளவெடுப்பதைப்போல் இருந்தது அது. பிறகு இரண்டு மட்டைகளைத் தராசில் வைத்துக் காட்டினார். இரண்டும் 1,180 கிராம். அவற்றை ஒவ்வொன்றாய் என் கையில் கொடுத்தார். ஒன்று இரும்பாய்க் கனத்தது. மற்றொன்று தானே எழுந்து வருவதுபோல் இருந்தது.

இவ்வியப்பிற்கு விளக்கம் எளியது. நீர் நிறைந்த செம்பொன்றை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தால் கை வலிப்பதில்லை. அதே செம்பைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். சிறிது நேரத்தில் தோள் கடுத்துவிடும். செம்பின் எடை கூடிவிடவில்லை. உடலுக்கும் அதற்கும் உள்ள தொலைவுதான் கூடியது. மட்டையிலும் இவ்வாறே. மரத்தின் திரட்சி அடிநுனியருகே இருந்தால் கைக்குக் கனக்கும். திரட்சி கைப்பிடியை நோக்கி மேலே ஏற ஏற, அதே எடை இலேசாகத் தோன்றும். தராசு அறிவது மொத்த எடையை மட்டுமே. அந்த எடை எங்கே குடியிருக்கிறது என்பதைக் கைதான் அறியும். இதுவே மட்டையின் சமநிலை.

அப்படியானால் திரட்சி மேலே இருப்பதே எல்லோருக்கும் நல்லதா என்றால், அதுவும் இல்லை. மட்டையின் முதுகில் எங்கே மரம் திரண்டிருக்கிறதோ, அதற்கு நேர் முன்புறத்தில் பந்து பட்டால்தான் வேகமாய்ப் பாயும். பந்து தாழ்வாய் எழும் தரையில் முன்காலை நீட்டி ஆடுபவனுக்குத் திரட்சி கீழே இருப்பது பயன் தரும். பந்து உயர எழும் தரையில் பின்காலில் நின்று வெட்டியும் மடக்கியும் ஆடுபவனுக்கு அது மேலே இருக்க வேண்டும். தரையைப் பற்றி அம்முதியவர் கேட்டதன் காரணம் எனக்கு அப்போது விளங்கிற்று.

டென்னிஸ் பந்தில் ஆடுவோருக்கு வேறு கணக்கு. அப்பந்து மெத்தென்றது, எடையற்றது. அதை அடிக்க மட்டையின் வேகம்தான் வேண்டுமேயன்றிக் கனம் வேண்டுவதில்லை. எனவே அதற்கான மட்டையின் முதுகைக் குடைந்து எடை குறைக்கிறார்கள். அப்படிக் குடைந்த மட்டையால் தோல் பந்தை ஆடினால் விரைவில் பிளந்துவிடும்.

சட்டம் அளக்காத ஒன்று

மட்டையின் வரலாறு சுவையானது. 1771ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வைட் என்ற ஆட்டக்காரர், விக்கெட் குச்சிகளை முழுவதுமாய் மறைக்கும் அளவுக்கு அகன்ற மட்டையொன்றை ஏந்தி ஆட வந்தார். எதிரணியினர் கொதித்தனர். அதன் விளைவாக மட்டையின் அகலம் நாலேகால் அங்குலத்தைத் தாண்டலாகாது என 1774இல் விதி செய்தார்கள். அவ்விதி இன்றும் மாறவில்லை. 1979 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி, பெர்த் நகரில் நடந்த டெஸ்ட் ஆட்டத்தில் அலுமினிய மட்டையுடன் களமிறங்கிப் பெரும் சர்ச்சையைக் கிளப்பினார். அதன்பின், மட்டையின் தட்டைப் பகுதி மரத்தாலேயே ஆனதாக இருக்க வேண்டுமென்று விதி வந்தது. 2017 அக்டோபர் முதல் விளிம்பின் தடிமன் 40 மில்லிமீட்டரையும், மட்டையின் மொத்தக் கனம் 67 மில்லிமீட்டரையும் மீறக் கூடாது. நீளத்திற்கும் 38 அங்குலம் என்ற எல்லை உண்டு.

நீளம், அகலம், தடிமன், பொருள் ஆகிய அனைத்தையும் வரையறுத்த சட்டம், எடைக்கு மட்டும் எந்த எல்லையும் வைக்கவில்லை. அதை ஆடுபவனின் கைக்கே விட்டுவிட்டது. டான் பிராட்மன் ஏந்தியது ஏறத்தாழ 2 பவுண்டு 2 அவுன்ஸ், அதாவது ஒரு கிலோவிற்கும் குறைவான மட்டை. சச்சின் டெண்டுல்கர் ஏந்தியதோ 3 பவுண்டுக்கும் மேற்பட்டது. ஏறத்தாழ 1,400 கிராம். இருவரும் சிகரத்தைத் தொட்டவர்கள். ஒருவருடைய மட்டையை மற்றவரிடம் கொடுத்திருந்தால் இருவருமே இடர்ப்பட்டிருப்பார்கள். பெரிய வீரரின் கையொப்பம் அச்சிட்ட தாளைக் கண்டு மயங்கி மட்டை வாங்குவதில் பொருளில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

பிள்ளைகளுக்கு வாங்கும்போது

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பெருநாள் சட்டையானாலும் செருப்பானாலும், “வளர்ற பிள்ளை, கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்” என்பார்கள் தாய்மார்கள். சட்டைக்கு அது சரி. மட்டைக்கு அது தீங்கு. எங்கள் தெருவில் பத்து வயதுச் சிறுவனுக்கு அவன் வாப்பா, ஐந்தாறு ஆண்டுகளுக்கு உழைக்கட்டும் என்று பெரியவர் அளவு மட்டையை வாங்கிக் கொடுத்தார். அச்சிறுவனால் அதை நேராகத் தூக்க இயலவில்லை. கீழ்க்கையை இறுக்கிப் பிடித்து, மட்டையைக் குறுக்கே வீசியே ஆடப் பழகினான். மணிக்கட்டு வலியால் இரவில் அழுதான். சில மாதங்களில் ஆட்டத்தையே விட்டுவிட்டான். தனக்கு ஆட வராது என்று அவன் முடிவு செய்துகொண்டதுதான் எனக்கு மிகவும் வருத்தமளித்தது. குறை பிள்ளையிடம் இல்லை, மட்டையில் இருந்தது.

மட்டைகளில் சிறுவர்க்கென 1 முதல் 6 வரை எண்ணிட்ட அளவுகள் உண்டு. அதற்கு மேல் ‘ஹாரோ’ என்ற இடையளவு. அதன்பின் பெரியவர்க்குரிய முழு அளவு. ஏறத்தாழ 5 அடி உயரமுள்ள சிறுவனுக்கு 5 அல்லது 6ஆம் எண் பொருந்தும். ஐந்தரை அடியைக் கடந்த பின்னரே முழு அளவைப் பற்றி எண்ண வேண்டும். வயதைவிட உயரமும், உயரத்தைவிடக் கைவலிமையுமே உண்மையான அளவுகோல்கள். இவையனைத்தும் ஆடும் பெண்பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

பட்டறையில் கற்ற எளிய சோதனைகள் சில உண்டு. எந்தக் கடையிலும் இவற்றைச் செய்து பார்க்கலாம்.

முதலாவது, வலக்கையாளனாயின் இடக்கையால் மட்டும் கைப்பிடியின் மேற்பகுதியைப் பற்றி, மட்டையைத் தரைக்கு இணையாக முன்னே நீட்டச் சொல்லுங்கள். மெதுவாக இருபது எண்ணுவதற்குள் கை நடுங்கினால், மணிக்கட்டு மடிந்தால், அம்மட்டை அவனுக்குக் கனம். மட்டையை ஆள்வது மேற்கை; கீழ்க்கை துணை மட்டுமே.

இரண்டாவது, ஆடும் நிலையில் நின்று மட்டையைப் பின்னே தூக்கி, நேர்கோட்டில் கீழே கொண்டுவரச் சொல்லுங்கள். அடிநுனி பக்கவாட்டில் இழுத்துச் சென்றால் திரட்சி மிகவும் கீழே இருக்கிறதென்று பொருள். ஒரே எடையுள்ள மூன்று நான்கு மட்டைகளை இவ்வாறு மாற்றி மாற்றித் தூக்கினால் வேறுபாடு விளங்கிவிடும். சிலவேளைகளில் கைப்பிடியில் இரண்டாவது ரப்பர் உறையொன்றை ஏற்றினாலே கனம் குறைந்ததுபோல் தோன்றும். கைப்பக்கம் எடை கூடுவதே காரணம்.

மூன்றாவது, முகத்தில் ஓடும் இழைகளைப் பாருங்கள். அவை நேராகவும் சீராகவும் மேலிருந்து கீழ்வரை செல்ல வேண்டும். முடிச்சுகள் நடுப்பகுதியில் இல்லாதிருப்பது நலம். கைப்பிடி தோளில் இறங்கும் இடத்தில் இடைவெளி தென்படலாகாது. முழு முகத்தையும் மறைத்துத் தாள் ஒட்டப்பட்டிருந்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தோல் பந்தில் ஆடுவதற்கான மட்டையை வாங்கியவுடன் களத்திற்கு எடுத்துச் செல்லலாகாது. ஆளிவிதை எண்ணெயை முகத்திலும் விளிம்பிலும் மெல்லிதாய்த் தடவி, கிடையாய் வைத்து உலர்த்த வேண்டும். பிறகு மரச்சுத்தியலால் முகத்தை மணிக்கணக்கில் மென்மையாகத் தட்டி இறுக்க வேண்டும். விளிம்பை நேராகத் தட்டாமல் சாய்வாகத் தட்டி உருட்ட வேண்டும். எண்ணெய் மிகுந்தாலும் மட்டை கனத்துவிடும்.

குறைந்துவரும் மரம்

தொழுகைக்குப் பின் முதியவர் எங்களை ஆற்றங்கரைப் பக்கம் அழைத்துச் சென்றார். வில்லோக்கள் ஆங்காங்கே நின்றன. அவற்றைவிட மிகுதியாய், குச்சி குச்சியாய் வானை நோக்கி நின்றவை பாப்ளர் மரங்கள். ஒட்டுப்பலகைக்கும் ஆப்பிள் பெட்டிக்கும் பாப்ளர் வேண்டப்படுகிறது. அது விரைவில் பணமாகிறது. வில்லோ ஒன்று மட்டைக்குத் தகுதி பெறவோ ஏறத்தாழ 15 முதல் 20 ஆண்டுகளும், சில வேளைகளில் அதற்கு மேலும் ஆகின்றன. வெட்டியவர்கள் நடவில்லை. பிளந்த கட்டைகள் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறுவதைத் தடுக்க 2000ஆம் ஆண்டில் மாநிலச் சட்டமொன்று இயற்றப்பட்டது. ஆயினும் மரம் குறைவதைச் சட்டம் தடுக்கவில்லை. 2014 செப்டம்பர் வெள்ளம் இப்பகுதியைச் சூறையாடியதும் மக்கள் நினைவில் இன்னும் ஆறாத புண்.

மரம் தட்டுப்பட்டால் காயவைக்கும் காலமும் சுருங்குகிறது. காலம் சுருங்கினால் மட்டை கனக்கிறது. அக்கனம் எங்கோ தொலைவில் ஒரு சிறுவனின் மணிக்கட்டில் போய் இறங்குகிறது. ஆற்றங்கரையில் நடப்படாத ஒரு மரத்திற்கும் நம் தெருப் பிள்ளையின் கைவலிக்கும் இப்படியொரு தொடர்பு இருப்பதை அங்கே நின்றபோதுதான் உணர்ந்தேன்.

இத்தனை இடர்களுக்கிடையிலும் இக்கைவினைஞர்கள் தலைநிமிர்ந்தே நிற்கிறார்கள். 2021இல் நடந்த டி20 உலகக் கோப்பையில் ஓமன் அணி வீரர்கள் சங்கத்தில் செய்த மட்டைகளுடன் ஆடினார்கள். 2024 பிப்ரவரியில் சச்சின் டெண்டுல்கர் இதே சாலையிலுள்ள சர்ஸூ என்ற ஊரின் பட்டறைக்கு வந்து மட்டைகளைத் தட்டிப் பார்த்தார். சிறுவயதில் தம் சகோதரி தமக்கு வாங்கித் தந்த முதல் மட்டை காஷ்மீர் வில்லோதான் என்று அப்போது அவர் நினைவுகூர்ந்தார்.

அதே பயணத்தில் அவர் சந்தித்த மற்றொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சங்கத்திற்கு அண்மையிலுள்ள பிஜ்பிஹாராவைச் சேர்ந்த வாகமா ஊரினர் அமீர் ஹுஸைன் லோன். 1997இல், எட்டு வயதுச் சிறுவனாய் இருந்தபோது, தந்தையின் மட்டைப் பட்டறையில் மரம் அறுக்கும் இயந்திரத்தில் சிக்கி இரு கைகளையும் இழந்தவர். மட்டையைக் கழுத்துக்கும் தோளுக்கும் இடையே பற்றிக்கொண்டு ஆடுகிறார். காலால் பந்து வீசுகிறார். ஜம்மு காஷ்மீர் மாற்றுத்திறனாளர் அணிக்குத் தலைமையும் ஏற்றவர். டெண்டுல்கர் தம் கையொப்பமிட்ட மட்டையொன்றை அவருக்கு அளித்தார்.

கைக்கேற்ற மட்டை எது என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். கையே இல்லாத ஒருவர் தம் தோளுக்கும் கழுத்துக்கும் இசைந்த சமநிலையைத் தாமே தேடிக் கண்டிருக்கிறார். அதை எந்தத் தராசும் அவருக்குச் சொல்லியிருக்க முடியாது. எந்த விலைச்சீட்டும் சொல்லியிருக்க முடியாது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்கு அடுத்த முறை மட்டை வாங்கச் செல்லும்போது அவனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நான்கு மட்டைகளை எடுத்து அவன் கையில் கொடுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் பொறுங்கள். அவன் தூக்கி, வீசி, மீண்டும் தூக்கிப் பார்த்து, “இதுதான் வாப்பா” என்று சொல்லும்வரை காத்திருங்கள்.